கரண்ட் போச்சு என்று சொல்லாதவளுக்கு

ஹால்வே கூரையில் நீ மாட்டிவிட்டுப் போன அலாரம் இன்று காலையிலிருந்து என் உயிரை வாங்குகிறது. பெரிய கத்தல் ஒன்றும் இல்லை, பல்லி சொல்கிற மாதிரி ஒரு ‘கிக்’. அப்புறம் சும்மா இருக்கும். சரி, ஓய்ந்தது என்று நான் அரிசி களையப் போனால் மறுபடியும் ஒரு ‘கிக்’. பாட்டரி தீர்ந்தால் இப்படித்தான் சொல்லுமாம். உன்னை மாதிரியே இதுவும், ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் காது கொடுக்கிற வரைக்கும் விடுவதில்லை.

ஸ்டூலைப் போட்டு ஏறினேன். உன் மகள் சமீனா கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். உன் வீட்டுக்காரர் கடலுக்குள் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போகிற வாரங்களில் அவள் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். நீ இருந்தபோதும் அப்படித்தானே. நான் மேலே நின்று மூடியைத் திருகிக்கொண்டிருக்கும்போது அவள் ஒன்று சொன்னாள். அதைக் கேட்டு விழாமல் இறங்கியதே பெரிய காரியம். பழைய பாட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்த மடல். ஆனால் முதலிலிருந்து வந்தால்தான் அது உனக்கே உறைக்கும். கொஞ்சம் பொறு.

உன்னை நான் முதலில் பார்க்கவில்லை. உன் குரலைத்தான் கேட்டேன். நாங்கள் டெக்சாஸில் இந்தக் கேட்டி ஊருக்குக் குடிவந்த புதிது. யாரோ ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள். கேக் வெட்டப் போகிற நேரத்தில் வெளியே ஒரு இடி, பொசுக்கென்று இருட்டு. அந்த வீட்டில் இருந்த அத்தனை தமிழ்ச் சனமும் ‘ஓ’ என்று ஒரே குரலில் கூவியது. ஊரில் கரண்ட் போனால் தெருவே கூவுமே, அதே கூவல். இத்தனை பேரும் விமானம் ஏறி வந்து வீடு வாங்கிக் கார் வாங்கியும் அந்தக் கூவலை மட்டும் விட்டுவிட்டு வரவில்லை என்று எனக்குச் சிரிப்பு. பக்கத்தில் என் வீட்டுக்காரர் சேவியர், “அட, அமெரிக்காவுலயும் கரண்ட் போகுமாப்பா!” என்றார்.

இருட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது. “கரண்ட் போகாதுண்ணே. அதுக்கென்ன காலா இருக்கு? ஒண்ணு யாராவது நிறுத்தணும், இல்ல யாராவது செய்ய வேண்டிய வேலையைச் செய்யாம விட்டிருக்கணும்.”

“இடி விழுந்துச்சேம்மா?”

“இடி விழும்னு முன்னாடியே தெரியாதா? கம்பி மேல சாஞ்ச கிளையை யாரு வெட்டிருக்கணும்? அதைக் கேளுங்க.”

யாருடி இவள், பிறந்தநாள் வீட்டில் வந்து விசாரணைக் கமிஷன் நடத்துகிறாள் என்று நினைத்தேன். வெளிச்சம் வந்ததும் பார்த்தால், பச்சை முக்காடு போட்டுக்கொண்டு, வாய் நிறைய முறுக்கோடு நீ நிற்கிறாய். உனக்கும் என் வயசுதான். நான் திருச்சி, நீ நாகப்பட்டினத்துப் பக்கம். நான் மருந்துக் கடைக் கவுண்டரில் மாத்திரை எண்ணுகிறவள். நீ வீடு வீடாகக் கரண்ட் கொடுக்கும் கம்பெனியில், எந்த லைனில் எவ்வளவு ஓடுகிறது என்று திரையில் பார்த்துக்கொண்டே இருக்கும் கன்ட்ரோல் ரூம் இன்ஜினியர். உன் வீடு எங்கள் அடுத்த தெரு என்று தெரிந்த அன்றைக்கே கறிவேப்பிலைச் செடியில் பாதி உன் வீட்டுக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகு இந்தச் சுற்றுவட்டாரத் தமிழ் வீடுகளுக்கெல்லாம் நீ ‘ஈபி அக்கா’ ஆனாய். கரண்ட் நின்றால் கம்பெனியின் நம்பருக்குப் போடமாட்டார்கள், உன் செல்லுக்குத்தான் போடுவார்கள். ஊரில் லைன்மேனைக் கூப்பிட்டுப் பழகிய கைகள். “அக்கா, கரண்ட் போச்சு, எப்ப வரும்?” நீயும் சளைக்காமல், “போனா என்கிட்ட சொல்லிட்டுல்ல போயிருக்கும்? நிறுத்திருக்காங்கன்னு சொல்லுங்க, அப்பத்தான் பதில் சொல்லுவேன்” என்பாய். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். தமிழில் மழை வருகிறது, காய்ச்சல் வருகிறது, கரண்ட் போகிறது, இதில் என்ன குற்றம் கண்டாய் என்று உன்னிடம் சண்டை போட்டிருக்கிறேன். “மழைக்குப் பொறுப்பாளி கிடையாது. கரண்டுக்கு உண்டு” என்றாய். நீ விளையாடுகிறாய் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அந்த ஜனவரி.

டெக்சாஸில் குளிர் என்றால் நமக்கு ஒரு ஸ்வெட்டர், அவ்வளவுதானே. பனிமழை வரப் போகிறது என்று டிவியில் சொன்னதும் நீ வீடு வீடாகப் போன் போட்டாய். “வெளிக் குழாய்க்கெல்லாம் பழைய துண்டு சுத்தி வைங்க. இல்லேன்னா தண்ணி உறைஞ்சு பைப்பு வெடிச்சிரும்.” எங்கள் வீட்டில் துண்டு தேடச் சோம்பல்பட்டுச் சேவியர் தன் பழைய லுங்கியை எடுத்துக் குழாய்க்குக் கட்டினார். கட்டம் போட்ட நீலக் கலர் லுங்கி. பக்கத்து வீட்டு அமெரிக்கக்காரர் வேலி மேலாக எட்டிப் பார்த்துச் சிரித்தார். நீ சமீனாவை விட வந்தபோது அதைப் பார்த்து, “அண்ணே, குழாய்க்கு நிக்காஹ் ஏதும் வச்சிருக்கீங்களா?” என்று கேட்டாய். எப்படிச் சிரித்தோம்!

உன் வீட்டுக்காரர் கடலில் இருந்தார். உனக்கு டியூட்டி. “ரெண்டு ஷிஃப்ட் சேந்து இழுத்தாலும் இழுக்கும் செலினு. புள்ளைய வச்சுக்க” என்றாய். சமீனா ஏற்கெனவே உள்ளே ஓடி என் மகன் ஜோயலோடு ஆரஞ்சுப் பழத்துக்கு அடித்துக்கொண்டிருந்தாள். நீ வாசலிலிருந்தே கை காட்டிவிட்டுப் போனாய்.

மறுநாள் நான் கடைக்குப் போனேன், மருந்துக் கடைக்கு லீவு ஏது? சேவியரின் ஆபீஸை மூடிவிட்டார்கள், அதனால் பிள்ளைகள் அவர் பொறுப்பு. கடையில் கரண்ட் நின்றது. கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் என்று இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் வளர்ந்த பொறுமையோடு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. மேனேஜர் கடையை மூடச் சொன்னார். கார் எடுக்க முடியாது, சாலை முழுக்கக் கண்ணாடி மாதிரிப் பனி. பக்கம்தானே என்று மெயின் ரோட்டு ஓரமாகப் புல்தரையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தேன். மரங்களில் இலைக்கு இலை பனி உறைந்து, காற்றடித்தால் வளையல் குலுங்குகிற சத்தம். அழகாக இருக்கிறதே என்று நினைத்தபடி வந்தேன் பார், அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

கதவைத் திறந்தேன். நல்ல கதகதப்பு. கரி வாசனை. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி போடுவார்களே, அந்தக் கனல் வாசனை. ஹாலில் நடுவாக இரும்புச் சட்டியில் கரித்துண்டுகள் சிவந்துகிடந்தன. சுற்றிலும் கம்பளி விரித்துப் பிள்ளைகள் படுத்திருந்தார்கள். சேவியர் சோபாவில் சரிந்திருந்தார். “வந்துட்டியா? நாம பாக்காத கரண்ட் கட்டா? பாரு, எப்படி செட்டப் பண்ணிருக்கேன்” என்று சொன்னார். அந்த வாக்கியம் நாக்கில் குழறிக் குழறி வந்தது. “தலைதான் கொஞ்சம் வலிக்குது.” ஜோயல் தலையணைப் பக்கத்தில் வாந்தி எடுத்துவைத்திருந்தான். சமீனாதான் சட்டிக்கு ரொம்பக் கிட்ட. கன்னம் ரோஜாப்பூ மாதிரிச் சிவந்து, வாய் லேசாகத் திறந்து. கூப்பிட்டேன். உலுக்கினேன். கை துணி மாதிரி விழுந்தது.

ஐயோ, அந்த நிமிஷம்! எப்படித்தான் இழுத்தேனோ. சமீனாவை இடுப்பில் போட்டு, ஜோயலைக் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து, சேவியரைக் காலால் உதைத்து எழுப்பி, மூன்று பேரையும் டிரைவ்வே பனியில் கொண்டுவந்து போட்டேன். மருந்துக் கடையில் குளிர்கால நோட்டீஸ் தினம் கண்ணில் படும்: மூடிய வீட்டுக்குள் கரி எரிக்காதே, மணமில்லாத விஷக்காற்று வரும் என்று. அதை நான் படித்ததால் பிழைத்தோம். சேவியர் படிக்கவில்லை. ஆனால் அவரும் மடையன் இல்லை. வெளியே கிரில்லில் கரியைப் பற்றவைத்து, புகையெல்லாம் அடங்கி, கனலான பிறகுதான் உள்ளே எடுத்துவந்திருக்கிறார். நம் ஊரில் எல்லா வீட்டிலும் சாம்பிராணிக்கு அப்படித்தானே செய்வார்கள்? புகை போனால் கெடுதல் போனது என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அந்த வீடுகளில் ஓட்டுச் சந்து இருந்தது, சன்னல் எந்நேரமும் திறந்துகிடந்தது. இங்கே காற்று நுழையாமல் பசை வைத்து அடைத்த வீடு. அந்த வித்தியாசத்தை யார் அவருக்குச் சொன்னார்கள்?

ஆம்புலன்ஸ் பனியில் ஊர்ந்து கொண்டுபோய்ச் சேர்த்த ஆஸ்பத்திரியில் சேவியருக்கும் ஜோயலுக்கும் ஆக்சிஜன் வைத்ததும் தெளிந்துவிட்டது. சமீனாவுக்குத் தெளியவில்லை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், முகத்தை மறைக்கிற மாஸ்க்கோடு, அவ்வளவு பெரிய கட்டிலில் இத்துணூண்டு உருவம். உனக்கு மாற்று ஆள் வந்து நீ புறப்பட்டு வரும்வரை நான் மாதாவிடம் வேண்டாத வேண்டுதல் இல்லை. கழுத்தில் கம்பெனி அட்டையோடு, முக்காடு நழுவி, நீ ஓடிவந்தாய். நான் உன்னைக் கட்டிக்கொண்டு, “கரண்ட் மட்டும் போகாம இருந்திருந்தா...” என்று கதறினேன்.

என் இரண்டு தோளையும் பிடித்து என்னை விலக்கினாய். “போகல செலின். நம்ம ஏரியா லைனை நான்தான் நிறுத்தினேன்” என்றாய்.

எனக்குப் புரியவில்லை. இந்த நேரத்திலுமா உன் பழைய விளையாட்டு என்று பார்த்தேன். உன் முகத்தில் விளையாட்டு இல்லை. அதற்குள் நர்ஸ் வந்து, குழந்தை அசைகிறாள், அம்மா மட்டும் உள்ளே வரலாம் என்றாள். நீ போனாய். நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். சமீனா கண்ணைத் திறந்தாள். நீ குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னாய். கொஞ்சம் நீளமாகவே சொன்னாய். அவள் மாஸ்க்குக்குள்ளிருந்து பதிலுக்கு என்னவோ முனகினாள். உடனே நீ சிரித்தாய். கண்ணீர் வழிய வழிய, வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாய். நான் அதிர்ந்துபோய்விட்டேன். பெற்ற பிள்ளையைச் சாவின் வாசல்வரை அனுப்பிவிட்டு இவளால் எப்படிச் சிரிக்க முடிகிறது? இவள் மனுஷிதானா? அந்தக் காட்சி இத்தனை வருஷமாக என் தொண்டையில் முள்ளாகக் கிடந்தது. ஒருநாளும் உன்னிடம் கேட்கவில்லை.

சமீனா வீட்டுக்கு வந்த பிறகு, உன் சமையலறையில் வைத்து முழுக்கதையையும் நீ சொன்னாய். மாநிலம் முழுக்கக் கரண்ட் உற்பத்தி செய்யும் நிலையங்கள் குளிரில் ஒன்றன் பின் ஒன்றாக நின்றனவாம். இருக்கிற கரண்டுக்கு ஏற்ற மாதிரிச் சில இடங்களை நிறுத்தாவிட்டால் மொத்த மாநிலமும் இருட்டாகிவிடுமாம். அதனால் ஒவ்வொரு ஏரியாவாக முறை வைத்துக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லி மேலிடத்து உத்தரவு. நம் ஏரியா முறை வந்தபோது உன் சூப்பர்வைசரே உன் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, “உன் வீடு இதிலதானே இருக்கு? அடுத்ததுக்குப் போ. யாரும் கேக்கமாட்டாங்க” என்றாராம்.

“போயிருக்கலாம்லடி!” என்று நான் கத்தினேன். “அடிப்பாவி, உள்ளே உன் மக இருக்கான்னு தெரியும்ல?”

“தெரியும்.”

“பெத்த வயிறு துடிக்கலையா உனக்கு?”

“துடிச்சுச்சு. துடிக்கத் துடிக்கத்தான் நிறுத்தினேன்.” நீ கத்தவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாய். “எம் புள்ள இருக்கிற லைனை விட்டுட்டு அடுத்த லைனை நிறுத்தினா, அங்கே படுத்திருக்கிறது யாரு புள்ளைன்னு எனக்குத் தெரியுமா, செலினு?”

உன்னிடம் ஒளிக்காமல் சொல்கிறேன், நானாக இருந்தால் அடுத்த லைனுக்குப் போயிருப்பேன். கண்ணை மூடிக்கொண்டு போயிருப்பேன். அதனால்தானோ என்னவோ உன் மேல் அவ்வளவு கோபம் வந்தது. கொஞ்ச நேரத்துக்கென்று நீ நிறுத்திய கரண்ட், திரும்பப் போட்டபோது வரவில்லை. எல்லா வீட்டு ஹீட்டரும் ஒரே நேரத்தில் இழுக்க, பனிப் பாரத்தில் ஒடிந்த கிளை வேறு கம்பியில் கிடக்க, லைன் போடப் போட மறுபடி நின்றுகொண்டே இருந்ததாம். நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த நேரத்தில்தான் சேவியர் கரியை ஊதிக்கொண்டிருந்தார். இதைக் கேட்ட பிறகும் உன்னோடு சரியாகப் பேச எனக்கு வெகுநாள் ஆயிற்று.

அப்புறம் அந்தப் பள்ளிக்கூடக் கூட்டம். கரண்ட் நின்றதற்கு யார் பொறுப்பு என்று ஊர்க்காரர்கள் கேட்கப் போகிறார்கள், பதில் சொல்லப் பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். நம் ஆட்களும் நிறையப் பேர் வந்திருந்தார்கள். மேடையில் டை கட்டியவர்கள் வரிசையாக எழுந்து பேசினார்கள். கரண்ட் கொடுக்கிறவர் உற்பத்தி நிலையத்தைச் சொன்னார். உற்பத்தி நிலையத்துக்காரர் கேஸ் குழாய்க்காரரைச் சொன்னார். கேஸ் குழாய்க்காரர், கரண்ட் நின்றதால்தான் எங்கள் பம்ப் நின்றது என்று சொல்லி வட்டத்தை முடித்துவைத்தார். கேட்கக் கேட்க எனக்குத் தலை சுற்றியது. கடைசியாக ஒருவர் எழுந்து, இது ‘ஆக்ட் ஆஃப் காட்’, யாராலும் தடுத்திருக்க முடியாது என்றார். பின்வரிசையில் நம் ஆள் ஒருவர் பெருமூச்சு விட்டு, “எல்லாம் அவன் செயல்” என்றார்.

நீ எழுந்தாய். உட்காருடி, வேலை போய்விடும் என்று உன் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். என் கையைத் தட்டிவிட்டு மைக்குக்குப் போனாய். இங்கிலீஷில் பேசினாய், ஆனால் எனக்கு அது தமிழாகத்தான் காதில் விழுந்தது. “நான் தினம் தொழுகிறவள். கடவுள் குளிரை அனுப்பினார், ஒத்துக்கொள்கிறேன். குளிர் வருகிறது என்று முன்கூட்டியே சொல்லவும் செய்தார், டிவியில் எல்லோரும் பார்த்தோம். என் அண்ணன் ஒருவர் தன் பழைய லுங்கியைக் கட்டி வீட்டுக் குழாயைக் காப்பாற்றினார். அவ்வளவு பெரிய நிலையத்தில் குழாய்களைப் போர்த்திவைக்காமல் விட்டது மனிதர்கள். எப்போதாவது வருகிற குளிருக்குச் செலவு எதற்கு என்று முடிவு செய்தது மனிதர்கள். அதைத் தூக்கி அல்லாஹ் தலையில் போடாதீர்கள்.” கூட்டம் கைதட்டியது. நீ கைதட்டு அடங்கட்டும் என்று நின்றாய். பிறகு உன் முழுப் பெயரைச் சொல்லி, “இந்த ஏரியா லைனை நிறுத்தியது நான். தெரிந்தே நிறுத்தினேன். அதில் என் மகளும் இருந்தாள். அதற்கான கேள்வியை என்னிடம் கேளுங்கள், பதில் சொல்கிறேன்” என்றாய்.

ஒருவரும் கேட்கவில்லை. மேடையில் இருந்தவர்கள் உன்னைப் பார்க்காமல் அவரவர் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தார்கள்.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன், “எல்லாரும் கை கழுவிட்டுப் போறாங்க. உனக்கு மட்டும் என்னடி வந்துச்சு? நீ செஞ்சது மேல இருந்து வந்த ஆர்டர்தானே?”

“ஆர்டர்தான். ஆனா கை என்னோடது” என்றாய். “எல்லாரும் போச்சு போச்சுன்னே சொன்னா, அடுத்த குளிருக்கும் போகும் செலினு. முதல்ல ஒருத்தராவது ‘நான்’னு சொல்லணும். அப்பத்தான் மத்தவங்க பேரு வெளிய வரும்.”

மற்றவர்கள் பெயர் வெளியே வரவில்லை. உன்னைத்தான் கன்ட்ரோல் ரூமிலிருந்து எடுத்து ஒரு மூலை மேஜைக்கு அனுப்பினார்கள். அதற்கு நீ அழவில்லை. நான்தான் அழுதேன்.

சேவியரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் உனக்கே பொறுக்காது. அந்த மனிதர் அதற்குப் பிறகு தீப்பெட்டியைக் கூடத் தொடவில்லை. உன் எதிரில் நிமிர்ந்து உட்கார மாட்டார். நீ வந்தால் பின்கட்டுக்குப் போய்விடுவார். நீ ஒருநாளும் அவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை, அதுதான் அவரைத் தின்றது. அந்தப் பெருநாளுக்கு உன் வீட்டுப் பின்புறத்தில் ஊரையே கூப்பிட்டிருந்தாய். எல்லோரும் பார்க்க, அவர் கையில் இடுக்கியைக் கொடுத்தாய். “இன்னைக்கு கிரில் உங்க பொறுப்புண்ணே. வெளியில வச்சுத்தான், சரியா?” அவர் உன்னைப் பார்த்தார். பிறகு கரியை ஒவ்வொன்றாக அடுக்கினார். புகைக்குள் நின்று அவர் அழுததும், புகை கண்ணில் பட்டதாகச் சொன்னதும், நீ “ஆமாண்ணே, இந்தக் கரி ரொம்ப மோசம்” என்றதும் எனக்கு மறக்காது. அன்றைக்குத்தான் நான் உன்னிடம் தோற்றேன். அன்றைக்குத்தான் மறுபடி உன் வீட்டில் கை நனைத்தேன்.

அதே வருஷத்திலிருந்து நீ எந்தக் கல்யாணத்துக்கும் புதுமனைக்கும் வெள்ளி விளக்கோ டாலர் கவரோ கொண்டுபோகவில்லை. மொய்க்குப் பதில், வீட்டுக்குள் விஷக்காற்று சேர்ந்தால் கத்துகிற இந்த அலாரம். பெட்டியைப் பிரித்துப் பார்த்தவர்கள் முகம் போன போக்கு! நீ அதோடு விடாமல் ஸ்டூல் கேட்டு வாங்கி நீயே மாட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாய். இந்தக் கேட்டியில் தமிழ் பேசுகிற வீட்டுக் கூரையெல்லாம் உன் கைபட்டது.

பிறகு உனக்கு அந்த நோய் வந்தது. குளிருமில்லை, கரண்டுமில்லை, யாரையும் கை நீட்டிச் சொல்ல முடியாத நோய். போன வசந்தத்தில் உன்னை ஊருக்கு வெளியே அந்தப் புல்வெளியில் வைத்துவிட்டு வந்தோம்.

அதற்கு முன்னும் பின்னும் நான் ஒரே ஒரு காரியத்தில் பிடிவாதமாக இருந்தேன். சமீனாவுக்கு இது தெரியக் கூடாது. தாயில்லாத பிள்ளை, அந்தத் தாயைப் பற்றி இருக்கிற நினைவிலும் இப்படி ஒரு கல் விழக் கூடாது. ‘உன்னைத் தெரிந்தே இருட்டில் விட்டவள் உன் அம்மா’ என்று ஒரு நாக்கு சொல்லிவிட்டால் போதுமே. சேவியரிடமும் ஜோயலிடமும் சத்தியம் வாங்கினேன். பெருநாள் விருந்துகளில் யாராவது அந்தக் கூட்டத்துப் பேச்சை எடுத்தால் சமீனாவை நகர்த்திவிடுவேன். நீ என்னை அப்படிச் செய்யச் சொல்லவே இல்லை. உன் பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று நானே எடுத்துக்கொண்ட வேலை. பிள்ளையை இழந்துவிடுவாயோ என்று செத்தவளான உனக்காக நான் பயந்துகொண்டே இருந்தேன்.

இன்று காலை ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டாள், “ஆன்ட்டி, ஒய் டிட் உம்மா கிவ் எவ்ரிபடி திஸ்?”

நான் வார்த்தையைப் பொறுக்கிப் பொறுக்கிச் சொன்னேன். “நீ குட்டியா இருந்தப்ப ஒரு குளிர்ல கரண்ட் போச்சுல்லம்மா, அப்ப நமக்கெல்லாம் உடம்பு முடியாம...”

“கரண்ட் போகல ஆன்ட்டி,” என்றாள். தமிழில். உன் குரலில். “உம்மா நிறுத்தினாங்க.”

அப்போதுதான் இறங்கி உட்கார்ந்தேன். யார் சொன்னது, ஜோயலா, எந்தப் படுபாவி சொன்னது என்று கத்தினேன். அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். உம்மாதான் சொன்னாங்க, ஆஸ்பத்திரியில், கண்ணைத் திறந்ததும் முதல் வேலையாக, என்றாள். ‘சமீனா, கரண்ட்டை உம்மாதான் நிறுத்தினேன். நீ இருக்கேன்னு தெரிஞ்சுதான் நிறுத்தினேன். வேற யாரும் சொல்லி நீ கேக்கக் கூடாது, அதான் நானே சொல்றேன்’ என்று சொன்னாயாம்.

“நீ என்னடா கண்ணு சொன்ன?”

தோளைக் குலுக்கினாள். “ஐ ஸெட், ஓகே. தென் டர்ன் இட் பேக் ஆன்.”

சரி, அப்ப திரும்பப் போடுங்க.

அதற்குத்தானா சிரித்தாய்? அடி என் தங்கமே, அதற்குத்தானா கண்ணீர் வழிய அப்படிச் சிரித்தாய்? நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று இத்தனை வருஷம் உன்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேனே! நான் பொத்திப் பொத்தி வைத்ததை நீ முதல் மூச்சிலேயே அவளிடம் கொடுத்துவிட்டாய். அவளும் வாங்கிக்கொண்டு, நிம்மதியாக ஹோம்வொர்க் செய்துகொண்டு, என் வீட்டில் வளர்ந்துகொண்டிருக்கிறாள். தெரியக் கூடாதே என்று பயந்து செத்தது நான் ஒருத்திதான்.

எழுந்து மறுபடி ஏறிப் புதுப் பாட்டரியைப் போட்டேன். நான் இறங்கியதும் சமீனா தானே ஏறிக்கொண்டாள். வேலை செய்கிறதா என்று பார்க்கும் பொத்தானை விரலால் அழுத்தினாள். அலாரம் வீடே அதிர அலறியது. பின்கட்டில் கிரில்லைத் துடைத்துக்கொண்டிருந்த சேவியர் உயிர் பதறி ஓடிவரும் சத்தம் கேட்டது. “யாரு? யாரு அது?” என்று கத்திக்கொண்டே வந்தார்.

ஸ்டூல் மேலிருந்து உன் மகள் சொன்னாள்: “நான்தான்.”